மாணவரை மதிப்பிடக் கற்றுக்கொள்வது: களப்பயிற்சி ஆசிரியர்களுக்கான முதல் நிலை வகுப்பு

இங்கிலாந்தில் சமூகப் பணிப் பட்டம் படிக்கும் ஒருவர், சமூகப் பணியாளராகப் பதிவு செய்துகொள்ளத் தகுதி பெறுவதற்கு முன் 200 நாட்களை நடைமுறைக் கற்றலில் கழிக்க வேண்டும். அவற்றுள் 30 நாட்கள் திறன் பயிற்சிக்குப் போக, மீதமுள்ள 170 நாட்களைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 70 நாட்கள், 100 நாட்கள் என இரண்டு களப்பயிற்சிகளாகப் பிரித்துக்கொள்கின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் மாணவர் தேறினாரா இல்லையா என்று பரிந்துரை எழுதும் பொறுப்பு, பிராக்டிஸ் எஜுகேட்டர் எனப்படும் களப்பயிற்சி ஆசிரியரைச் சேர்ந்தது. அவர் உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலிலோ மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ அன்றாடம் வேலை பார்க்கும் சமூகப் பணியாளராகவே இருப்பார். அந்தப் பொறுப்புக்கு ஆட்களைத் தயார்படுத்தும் முதல் நிலை வகுப்பு ஒன்றைப் பற்றியதே இந்த மதிப்புரை. பல்கலைக்கழகம் ஒன்று சுற்றுவட்டாரக் கவுன்சில்களுடன் இணைந்து நடத்தும் வகுப்பு அது. முதியோர் பிரிவில் பணியாற்றிக்கொண்டே நான் அதை முடித்தேன். மதிப்பிடுவது எப்படி என்பதை இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தரும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை என்பதையும், அதற்கு அவர்கள் ஒதுக்கும் நேரம் போதவே போதாது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

வகுப்பின் பாடத்திட்டம் களப்பயிற்சி ஆசிரியர்களுக்கான தொழில்முறைத் தரங்களை ஒட்டி அமைந்துள்ளது. பிரிட்டிஷ் சமூகப் பணியாளர் சங்கத்தின் பொறுப்பில் உள்ள இந்தத் தரங்கள் நான்கு பகுதிகளைக் கொண்டவை. கற்பதற்கான வாய்ப்புகளை ஒழுங்கு செய்தல், கற்றலுக்குத் துணைநிற்றல், மதிப்பீட்டை நடத்துதல் ஆகிய முதல் மூன்றும் முதல் நிலைக்கு உரியவை. ஆசிரியராகத் தன்னைத் தொடர்ந்து வளர்த்துக்கொள்ளுதல் என்னும் நான்காவது பகுதி இரண்டாம் நிலையில் சேர்கிறது. முதல் நிலையை முடித்தவர் 70 நாள் பயிற்சிக்கு வரும் மாணவரை மதிப்பிடலாம்; பட்டத்துக்கு முந்தைய இறுதிப் பயிற்சியில் முடிவு சொல்ல இரண்டாம் நிலை வேண்டும். 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற ஒழுங்காற்று அமைப்பான சோஷியல் வொர்க் இங்கிலாந்து, களப்பயிற்சி ஆசிரியர்கள் தன் பதிவேட்டில் இருப்பவர்களாகவும் நடப்பு அறிவு உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது.

சென்னையிலோ கோவையிலோ எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு இங்கு வந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றும். அங்கே மாணவர் களப்பணிக்குப் போகும் நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். ஆனால் அந்த வேலைக்கென்று அவர் தனிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டிய கட்டாயம் கிடையாது, மதிப்பெண்ணைப் பெரும்பாலும் கல்லூரிதான் முடிவு செய்கிறது. நல்ல மேற்பார்வையாளர் வாய்த்த மாணவர் நிறையக் கற்றுக்கொள்வார், வாய்க்காதவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவார். அந்த வேறுபாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு, கற்பிப்பவருக்கும் பயிற்சி தேவை என்னும் எண்ணமே பெரிய மதிப்புடையது.

வகுப்பின் முதல் பகுதி, அன்றாட வேலையைப் பாடமாக மாற்றுவது எப்படி என்பதைப் பற்றியது. மருத்துவமனையில் இருக்கும் டிமென்ஷியா நோயாளி ஒருவர் வீட்டுக்கே போக வேண்டும் என்கிறார், மகளோ பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறார் என்று ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டார்கள். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை ஒருவருக்கு அந்தத் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். பிறருக்கு விவேகமற்றதாகத் தெரியும் முடிவை எடுக்கிறார் என்பதற்காக மட்டும் அவருக்குத் திறன் இல்லை என்று கூறிவிட முடியாது. இந்த விதிகளை மாணவருக்கு ஒப்பிப்பது எளிது. மாணவர் முதலில் நம்முடன் அமர்ந்து பார்த்து, பிறகு சேர்ந்து பேசி, அதன் பின் நாம் ஓரமாக இருக்கத் தானே அந்த உரையாடலை நடத்தும் நிலைக்கு வருவதற்கு என்னென்ன படிகள் வேண்டும், எந்தப் படியில் நாம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதை எங்களுக்குப் பொறுமையாகக் காட்டினார்கள். கேள்வி கேட்ட கையோடு நாமே விடையையும் சொல்லிவிடும் பழக்கம் எங்களில் பலருக்கும் இருந்தது. அதைத் திருத்துவதற்கென்றே, இருவர் இருவராக அமர்ந்து மேற்பார்வைச் சந்திப்பை நடத்திப் பார்க்கும் பயிற்சி வைத்தார்கள்.

மதிப்பீடு பற்றிய பகுதிதான் இந்த வகுப்பின் உயிர். சமூகப் பணியாளரிடம் எதிர்பார்க்கப்படும் திறன்களை வரையறுக்கும் தொழில்முறைத் திறன் சட்டகத்தின் ஒன்பது பிரிவுகளையும் தனித்தனிக் கட்டங்களாக நிரப்பிக்கொண்டு போகாமல், மாணவரின் பணியை முழுமையாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. அதைச் செய்வது எப்படி என்று தெரியாதவர்கள் கடைசியில் மனத்தில் பட்டதை எழுதிவிடுகிறார்கள். இதை உணர்த்த, ஒரு மாணவர் வீட்டுச் சந்திப்பு நடத்தியதைப் பற்றிய ஒரே விவரிப்பை எல்லோருக்கும் கொடுத்து, கலந்து பேசாமல் ஒவ்வொருவரையும் கருத்து எழுதச் சொன்னார்கள். ஒருவர் மாணவரைப் பாராட்டியிருந்தார், இன்னொருவர் கவலை தெரிவித்திருந்தார், வேறொருவர் விவரிப்பில் இல்லாத ஒன்றையே எழுதியிருந்தார். பிறகு ஒவ்வொரு வரியையும் எடுத்து, இது கண்ணால் கண்டதா, கண்டதிலிருந்து ஊகித்ததா என்று பிரிக்கச் சொன்னார்கள். ‘தன்னம்பிக்கை குறைவு’ என்பது ஊகம். ‘கட்டணம் பற்றிக் கேட்டபோது பதில் சொல்லாமல் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்’ என்பது கண்டது. முதலாவதைப் படிக்கும் மாணவர் மனமொடிந்து போவார், இரண்டாவதைப் படிப்பவருக்கு அடுத்த முறை எதற்குத் தயாராக வேண்டும் என்பது விளங்கும். பல ஆண்டுகள் அறிக்கை எழுதிப் பழகியவர்கள்கூட இந்தப் பயிற்சியில் திணறினார்கள். நேரடி அவதானிப்பு, சேவை பெற்றவர்களின் கருத்து, மாணவர் எழுதிய கோப்புக் குறிப்புகள், மேற்பார்வைப் பதிவுகள் ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி ஒரு பத்தி எழுதுவது எப்படி என்பதை இங்கேதான் முறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தேறாத மாணவரைத் தேறவில்லை என்று எழுதுவதில் களப்பயிற்சி ஆசிரியர்கள் தயங்குவதை இந்தத் துறையில் எல்லோரும் அறிவார்கள். மாணவர் மீது இரக்கம் எழும். நாம்தான் சரியாகக் கற்றுத்தரவில்லையோ என்ற குற்றவுணர்வு வரும். எழுத வேண்டிய தாள்களும் கூட்டங்களும் பெருகும். அந்தத் தயக்கத்தின் விலையைப் பின்னாளில் ஒரு குழந்தையோ, பாதுகாப்பற்ற நிலையில் இருக்கும் முதியவரோ செலுத்த நேரலாம் என்று பயிற்சியாளர் நேரடியாகவே சொன்னார். கவலை எழுந்தவுடன் மாணவரிடம் சொல்வது, அதை எழுத்தில் வைப்பது, பல்கலைக்கழக ஆசிரியரையும் அழைத்துக் கூட்டம் போடுவது, எந்த மாற்றம் எந்தத் தேதிக்குள் தெரிய வேண்டும் என்று வரையறுப்பது, இடைக்கால அறிக்கையில் அதை மறைக்காமல் எழுதுவது என்று ஒழுங்காகக் காட்டினார்கள். கடைசி வாரத்தில் முதன்முறையாகக் குறை சொல்வது மாணவருக்கு இழைக்கும் அநீதி என்பதை அவர்கள் வலியுறுத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதே அமர்வில், இங்கிலாந்தில் கறுப்பின, சிறுபான்மை இன மாணவர்கள் களப்பயிற்சியில் தேறாமல் போவதும் தாமதமாகத் தேறுவதும் மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருப்பதையும் எடுத்துப் பேசினார்கள். இது நம்மவர்களுக்கு நெருக்கமான விஷயம். பெரியவர்கள் பேசும்போது குறுக்கிடக் கூடாது என்று வளர்ந்த ஒருவர் கூட்டத்தில் அமைதியாக இருப்பதை அக்கறையின்மை என்று எழுதிவிட முடியும்; மேலாளர் சொன்னதை மறுத்துப் பேசாததைச் சிந்தனைக் குறைவு என்று முத்திரை குத்திவிட முடியும். அதற்காக எல்லாவற்றையும் பண்பாடு என்று விட்டுவிடவும் முடியாது, ஏனெனில் சேவை பெறுபவருக்காக மேலதிகாரியிடம் வாதாடுவது இந்தத் தொழிலின் அடிப்படை வேலைகளில் ஒன்று. அந்த அமைதிக்குக் காரணம் என்ன என்று மாணவரையே கேட்டுத் தெரிந்துகொண்டு, வாதாடும் திறனை வளர்த்துக்கொள்ள அவருக்கு வாய்ப்பும் கால அவகாசமும் கொடுத்து, அதன் பிறகே மதிப்பிட வேண்டும். இதைப் பேசுவதற்குக் கிடைத்தது ஒரு பிற்பகலின் பாதி நேரம். இதற்கு ஒரு முழு நாள் கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

அந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்றால், கற்றல் பாணிகள் பற்றிய அமர்விலிருந்து எடுக்கலாம். மாணவர் செயல்படுபவரா, சிந்திப்பவரா என்று வினாத்தாள் கொடுத்து வகைப்படுத்தி, அந்த வகைக்கு ஏற்பக் கற்பிக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு ஆய்வுச் சான்று மிகவும் பலவீனமானது என்பது நெடுநாளாகவே தெரிந்த செய்தி. மாணவருடன் பேச்சைத் தொடங்க அந்த வினாத்தாள் உதவலாம். அதற்கு மேல் அதற்கு இடம் கொடுப்பது பொருத்தமில்லை. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் செய்துதர வேண்டிய நியாயமான மாற்றங்களையும் மேலோட்டமாகவே தொட்டுச் சென்றார்கள். இணையவழி அமர்வுகள் நேரடி அமர்வுகளின் தரத்துக்கு அருகில்கூட வரவில்லை. சேவை பெற்ற ஒருவர் வந்து, மாணவர்களைப் பற்றி அவரிடம் கருத்துக் கேட்கப்படும் முறையிலுள்ள குறைகளைச் சொன்ன அமர்வு சிறப்பானது. நன்றாக நடந்துகொண்டாரா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் யாரும் சொல்வார்கள், உங்கள் பேச்சில் எதை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று கேளுங்கள் என்று அவர் சொன்னதை எங்கள் அலுவலகப் படிவத்திலேயே சேர்த்துவிட்டோம்.

சேர நினைப்பவர்கள் வேலைப்பளுவைப் பற்றி முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். வகுப்பு நடக்கும் காலத்திலேயே நம்மிடம் ஒரு மாணவர் இருக்க வேண்டும். இரண்டாம் நிலை முடித்த வழிகாட்டி ஒருவர் வந்து, நாம் மாணவருக்குக் கற்பிப்பதை நேரில் பார்த்து மதிப்பிடுவார். சான்றுத் தொகுப்பும் சமர்ப்பிக்க வேண்டும். வழிகாட்டி நம்மைப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரம், அவதானிக்கப்படும் மாணவரின் நிலையை எந்த விரிவுரையும் தர முடியாத அளவுக்குப் புரியவைக்கிறது. ஆனால் வழக்குகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல் இதையும் ஏற்றிவைக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்த சிலர் பாதியில் நின்றுவிட்டார்கள். மாணவருடனான வாராந்தரச் சந்திப்புக்கும், அதற்குத் தயாராவதற்கும், அறிக்கை எழுதுவதற்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கித் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திடுங்கள். வழிகாட்டி யார் என்பதையும், இணையவழி அமர்வுகள் எத்தனை என்பதையும் பல்கலைக்கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதி பெற்று ஓரிரு ஆண்டுகள் அனுபவம் சேர்ந்த எவருக்கும் இந்த வகுப்பைப் பரிந்துரைக்கிறேன். மாணவரையே எடுக்கப் போவதில்லை என்று நினைப்பவருக்கும், புதிதாகச் சேர்ந்த சக ஊழியரை வழிநடத்த வேண்டியவருக்கும் மதிப்பீட்டுப் பகுதி பயன்படும். 100 நாள் பயிற்சிக்கு வரும் மாணவரை ஏற்றுக்கொள்ள இரண்டாம் நிலைக்கு விண்ணப்பித்திருக்கிறேன். அதையும் இதே இடத்தில்தான் படிக்கப் போகிறேன்.