பாஹாவில் திமிங்கிலம் பார்க்க: கப்பலா, காயல் முகாமா, கரையூர்ப் படகா?

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பம் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லும் கள்ளியுமாகக் கிடக்கிறது. மேற்கே பசிபிக், கிழக்கே கோர்த்தெஸ் கடல் என்னும் கலிபோர்னியா வளைகுடா. குளிர்காலத்தில் இங்கே திமிங்கிலம் பார்க்க மூன்று வழிகள் உண்டு: அறுபது முதல் நூறு பேர் வரை ஏறும் சிறு கப்பலில் ஒரு வாரம் சுற்றலாம்; சான் இக்னாசியோ காயலின் கரையில் கூடார முகாமில் தங்கலாம்; அல்லது வளைகுடாக் கரையிலுள்ள லொரேத்தோ, லா பாஸ் போன்ற ஊர்களில் அறை எடுத்துக்கொண்டு நாள்தோறும் படகில் போய் வரலாம்.

மூன்றின் விளம்பரத்திலும் ஒரே படம்தான். படகோரம் ஒரு திமிங்கிலம் தலையை நீட்டுகிறது, அதைத் தொட நாலைந்து கைகள் நீள்கின்றன. கப்பலுக்குச் சில ஆயிரம் டாலர் கட்டுகிறவர்களில் பலர் இந்தப் படத்தை நம்பித்தான் கட்டுகிறார்கள். ஆனால் அது கப்பலில் எடுத்த படம் அல்ல. அந்தத் திமிங்கிலம் வளைகுடாப் பக்கம் இருப்பதும் அல்ல.

அது சாம்பல் திமிங்கிலம். கோடையில் ஆர்க்டிக்கை ஒட்டிய வடகடல்களில் மேய்ந்துவிட்டுக் குளிர்காலத்தில் பசிபிக் கரையோரமாகவே இறங்கி வந்து, ஓஹோ தே லியெப்ரே, சான் இக்னாசியோ, மக்தலேனா ஆகிய ஆழம் குறைந்த நீர்ப்பரப்புகளில் கன்று ஈனுகிறது. அங்கே அதன் அருகே போக உரிமம் பெற்ற உள்ளூர்ப் படகு வேண்டும். பாங்கா என்பார்கள்: கண்ணாடியிழை உடல், பின்னால் ஒரு மோட்டார், உட்காரச் சில பலகைகள். கப்பலில் வந்தவரும் கடைசியில் இந்தப் பலகையில்தான் உட்கார வேண்டும். லொரேத்தோ பக்கமிருந்து கிளம்பும் சில கப்பல்கள் பயணிகளை ஒரு நாள் பஸ்ஸில் ஏற்றித் தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து மக்தலேனாவுக்கு அழைத்துச் செல்கின்றன. வாரம் முழுவதற்கும் கட்டிய பணத்தில் சாம்பல் திமிங்கிலத்துக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்.

ஆகவே தொடுவதுதான் ஆசை என்றால் எனக்கு ஐயமே இல்லை: முகாம். சான் இக்னாசியோவில் பார்வைப் பகுதிக்குள் ஒரே நேரத்தில் 16 படகுகளுக்கு மேல் விடுவதில்லை. ஒரு படகுக்கு ஒன்றரை மணி நேரம். காயலின் மேல்பகுதி தாய்க்கும் கன்றுக்குமென்று படகுகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. துரத்தக் கூடாது, மோட்டாரை மெல்ல உறுமவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருவதும் வராததும் அதன் விருப்பம். வந்தால், முதலில் ஒரு மூச்சுச் சாரல் முகத்தில் அடிக்கும், மீன் கவிச்சியோடு. பிறகு கன்றின் மூக்கு எழும். அதில் சின்னச் சின்னக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒற்றை முடி. தாயின் தோலிலோ கொட்டலசுகள் என்னும் ஓடுள்ள சிற்றுயிர்கள் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், அவற்றின் இடுக்கில் ஆரஞ்சு நிறத் திமிங்கிலப் பேன்கள் நெளியும். சில தாய்கள் கன்றை அடியிலிருந்து முட்டி மேலே தூக்கிக் காட்டுவதும் உண்டு.

19ஆம் நூற்றாண்டில் இந்தக் காயல்களுக்குள் புகுந்து வேட்டையாடியவர்கள் இதற்கு வைத்த பெயர் 'பிசாசு மீன்'. கன்றைக் காக்கத் தாய் படகுகளை உடைத்தது. அதே சான் இக்னாசியோ காயலில் 1972இல் பச்சிக்கோ மயோரால் என்ற மீனவரின் படகை ஒரு திமிங்கிலம் உரசிக்கொண்டு நிற்க, அவர் பயந்தபடியே கையை நீட்டித் தொட்டார். இன்றைய சுற்றுலாவின் பிள்ளையார் சுழி அதுதான். இங்கே வரவிருந்த பெரிய உப்பளத் திட்டம் 2000இல் கைவிடப்பட்டது. முகாம்களுக்குப் போகும் பணம் அந்தக் கரையிலேயே தங்குகிறது என்பதும் எனக்கு ஒரு காரணம்.

முகாமின் குறை, அங்கே வேறெதுவும் பெரிதாக இல்லை என்பது. சதுப்புக் காடு, பறவைகள், காற்று, புழுதி. இரண்டு மூன்று நாள் போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 2016இல் சுமார் 27,000 இருந்த சாம்பல் திமிங்கிலங்கள் 2025 கணக்கெடுப்பில் 13,000 அளவுக்கு இறங்கிவிட்டன. அந்த வசந்தத்தில் கலிபோர்னியக் கரையோரம் வடக்கே போன கன்றுகள் 85 அளவில்தான் என்று மதிப்பிட்டார்கள். வடகடலில் இரை குறைந்தது முக்கியக் காரணம் என்கிறார்கள். "கன்றோடு தாய் நிச்சயம்" என்று எந்த முகாம் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கப்பல் வெல்லும் இடம் கிழக்குப் பக்கம். அங்கே சரக்கே தீவுகள்தான். சாந்தா கத்தலீனா தீவில் ஆள் உயரத்தையும் தாண்டும் பீப்பாய்க் கள்ளிகள் நிற்கின்றன. அங்குள்ள கிலுகிலுப்பைப் பாம்புக்கு வாலில் கிலுகிலுப்பையே இல்லை. உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது. இத்தகைய தீவுக்கு விடியற்காலை ரப்பர் படகில் இறங்கி, வெயில் ஏறுமுன் நடந்துவிட்டு, பகலில் நீலத் திமிங்கிலத்தைத் தேடிப் போக முடிவது கப்பலால்தான். பயணத் திட்டத்தில் எழுதியதை விட்டுவிட்டு, நூற்றுக்கணக்கான ஓங்கில்கள் (டால்பின்கள்) போகும் திசையில் கப்பலைத் திருப்பும் கேப்டன் கிடைத்தால் காசு செரித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கரையூர்ப் படகோடு ஒப்பிடும்போது முடிவு செய்வது வாடைக்காற்று. குளிர்காலத்தில் வளைகுடாவின் மேல் வடக்கிலிருந்து நாள்கணக்கில் வீசும். பலமாக வீசினால் சிறு படகுகளுக்குத் துறைமுகத்தை மூடிவிடுவார்கள்; அறையில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டியதுதான். கப்பலோ ஏதாவது ஒரு தீவின் தென்பக்கம் ஒதுங்கி அங்கேயே அன்றைய வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் காற்றைத் திட்டவும் முடியாது. அதுதான் அடியிலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீரை மேலே கொண்டுவருகிறது. மிதவை உயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னும் கூனிப்பொடியை நாடி நீலத் திமிங்கிலம் பிப்ரவரி, மார்ச்சில் லொரேத்தோ வரை வருகிறது. அதே காரணத்தால் அந்த மாதங்களில் நீர் கலங்கலாகவும் குளிராகவும் இருக்கும். லா பாஸ் அருகேயுள்ள லோஸ் இஸ்லோத்தெஸ் பாறையில் கடல்சிங்கங்களோடு நீந்துவதை முதன்மையாக நினைப்பவர்களுக்கு இலையுதிர்காலம் மேல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இனப்பெருக்கத்துக்காக அங்கே நீந்த அனுமதி இல்லை.

கையில் நாள் இருந்து பணம் குறைவாக இருந்தால் லொரேத்தோதான் என் தேர்வு. நீலத் திமிங்கிலத்துக்குப் படகு ஊர்த்துறையிலேயே கிடைக்கும். காற்று மறித்த நாளில், மலையைத் தாண்டி சாலைவழியே மக்தலேனாவின் லோப்பெஸ் மத்தேயோஸ் துறைக்குப் போய்ச் சாம்பல் திமிங்கிலத்தையும் பார்த்துவிடலாம். அங்கே படகுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஆள் சேர்ந்தால் பங்கு குறையும்.

வாக்கித்தா என்ற குட்டிக் கடற்பன்றியை எந்த வழியில் போனாலும் பார்க்க முடியாது. வளைகுடாவின் வடகோடியில் மட்டும், அதுவும் பத்து அளவில்தான் மிஞ்சியிருக்கிறது. தோத்தோவாபா மீனுக்கு விரிக்கும் வலையில் சிக்கியே இந்த நிலைக்கு வந்தது.

கப்பலென்றே முடிவு செய்தவர்கள் முன்பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். மக்தலேனாவில் எத்தனை முறை பாங்காவில் ஏற்றுவார்கள், எத்தனை இரவு அங்கே நங்கூரம் பாய்ச்சுவார்கள்? தென்முனையைச் சுற்றிப் பசிபிக்குக்குப் போகும் வழியென்றால் அங்கே அலை பெரிது. வாந்தி மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள்.