தீபாவளி உடுப்பு: ஹட்டன் கடையா, ஒன்லைனா?

விலை: ஒன்லைனில் சிலவேளை குறைவு. மலையகத்து ஹட்டன் டவுனில் பேரம் பேசலாம், ஆனால் பஸ் காசோடு ஒரு நாள் பேரும் (அன்றைய தோட்டச் சம்பளமும்) போகும்.

கடன்: கடை முதலாளி கொப்பியில் எழுதிக்கொள்வார். பார்சலுக்குக் காசு கையில் வேண்டும்.

விலாசம்: பெரிய சிக்கல் இதுதான். பல தேயிலைத் தோட்டங்களில் கடிதமே தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது, அப்புறம் டெலிவரி பையன் என்ன செய்வான், கோயிலடியில் நின்று போன் அடிப்பான், சிக்னல் இருக்காது, மழையில் பைக்கை உருட்டிக்கொண்டு மேட்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) ஏறுவான். பார்சல் கணக்கில் சம்பளம் என்றால், நாம் வேண்டாம் என்றதும் அந்த ஏற்றம் அவனுக்குச் சும்மா.

வேலை: டவுன் கடைகளில் நிற்பதும் நம் பிள்ளைகள்தானே.

அளவு பார்க்கும் உடுப்பு, செருப்புக்கு டவுன்தான் சரி. அங்கே கிடைக்காத போன் சாமானுக்கு ஒன்லைன். விலாசத்தில் டிவிசன் (தோட்டப் பிரிவு), லயம் இலக்கம், சிக்னல் உள்ள நம்பர் மூன்றையும் எழுதிவிடுங்கள்.