காஸ்9 நொதியச் சிறுகுழாய்: மட்டக்களப்பு ஆய்வுகூடத்திலிருந்து ஒரு மதிப்பீடு

வழிகாட்டி ஆர்என்ஏ என்னும் சிறிய இழை காட்டும் இடத்தில் டிஎன்ஏயை வெட்டும், மரபணுத் திருத்தத்துக்குரிய காஸ்9 நொதியத்தைத் தூய்மையாக்கிய புரதமாகவே சிறுகுழாயில் அடைத்துப் பல நிறுவனங்கள் இப்போது விற்கின்றன. நாங்கள் மட்டக்களப்பில் வாங்கிப் பயன்படுத்தியது 1 மைக்ரோமோலார் செறிவில் 70 பிகோமோல், அதாவது 70 மைக்ரோலீற்றர், கொண்ட சிறிய குழாய். இத்தகைய பொருள் கிழக்கு மாகாணத்து ஆய்வுகூடம் ஒன்றுக்கு ஏற்றதா என்பதே இங்கு நான் சொல்ல வருவது என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். ஏற்றதுதான், ஆனால் வழக்கமான வெட்டு நொதியத்தைப் போல எண்ணி இதை வாங்குபவர் நிச்சயம் ஏமாறுவார்.

எக்கோஆர்ஐ போன்ற வெட்டு நொதியங்களை அலகுக் கணக்கில் வாங்கிப் பழகியவர்கள் நாம். அதன் ஓர் அலகு ஒரு மணி நேரத்தில் 1 மைக்ரோகிராம் டிஎன்ஏயை முழுமையாக வெட்டும்; நொதிய மூலக்கூறு ஓரிடத்தை வெட்டி, விலகி, அடுத்த இடத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். காஸ்9 அவ்வாறு எளிதில் விலகுவதில்லை. வெட்டி முடித்த பின்னரும் முனைகளைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். அறுத்த கதிரை விட்டு அரிவாள் கழன்று வராவிட்டால் வயலில் கதிருக்கு ஓர் அரிவாள் வேண்டியிருக்கும் அல்லவா, நிலைமை அதுவேதான். அதனால்தான் இது மோல் கணக்கில், அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கையில், விற்கப்படுகிறது. நொதியம், வழிகாட்டி ஆர்என்ஏ, இலக்கு டிஎன்ஏ ஆகிய மூன்றும் 10:10:1 என்ற மோல் விகிதத்தில் இருக்க வேண்டும் என்று உடன் வந்த தாளில் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள், காரணத்தை எழுதவில்லை. காரணம் தெரியாத மாணவர் சிக்கனம் கருதி நொதியத்தைக் குறைத்து, ஈடாக இரவு முழுவதும் 37 பாகை செல்சியஸில் வைத்திருந்தாலும் பெரும்பகுதி டிஎன்ஏ வெட்டுப்படாமலே கிடக்கும். இவ்வளவு விலையுள்ள பொருளுக்கு இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.

30 மைக்ரோலீற்றர் கலவை ஒன்றுக்கு 1 மைக்ரோலீற்றர் நொதியம் போதும். 1,000 கார இணை நீளமுள்ள டிஎன்ஏ துண்டாயின் ஏறக்குறைய 60 நனோகிராம் சேர்த்தால் சொல்லப்பட்ட விகிதம் வந்துவிடும். ஆக, ஒரு குழாயில் அதிகபட்சம் 70 பரிசோதனைகள். ஒப்பீட்டுக்கான கட்டுப்பாட்டுக் கலவைகளும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். வழிகாட்டி ஆர்என்ஏ இதனுடன் வருவதில்லை, அதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

மட்டக்களப்பு, அம்பாறை வட்டைகளில் நெல் செய்பவர்களுக்குப் பற்றீரியாவால் வரும் இலைக் கருகல் நன்கு தெரிந்த நோய். சாந்தோமோனாஸ் ஒறைசே என்னும் அப்பற்றீரியா, தன் புரதங்களை நெற்கலத்துக்குள் செலுத்தி, சீனியைக் கடத்தும் ஸ்வீற் மரபணுக்களின் முன்பகுதியில் அவற்றை ஒட்டச் செய்து, அம்மரபணுக்களைத் தன் தேவைக்கு இயக்குகிறது. அந்த ஒட்டுமிடங்களைக் காஸ்9 கொண்டு மாற்றினால் நெல் நோயைத் தாங்கும் என்று 2019 இல் காட்டப்பட்டது. அதே முன்பகுதியை நெல் இலையிலிருந்து பெருக்கி எடுத்து, வடிவமைத்த வழிகாட்டிகள் உண்மையில் வெட்டுகின்றனவா என்று சோதனைக்குழாயில் பார்ப்பதற்கே இந்த நொதியத்தை வாங்கினோம். திருத்திய கலங்களிலிருந்து முழுச் செடியை வளர்த்தெடுக்கும் இழைய வளர்ப்பு மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. அதில் இறங்குமுன் உதவாத வழிகாட்டியை ஒரே பிற்பகலில் கழித்துவிட முடிவது எம்மைப் போன்ற சிறிய ஆய்வுகூடத்துக்குப் பெரும் ஆறுதல்.

செய்முறை எளிது. முதலில் நொதியத்தையும் ஆர்என்ஏயையும் மட்டும் அறைவெப்பநிலையில் 10 நிமிடம் சேர்த்து வைத்து, பின்னர் டிஎன்ஏயை இட்டு 37 பாகையில் 15 நிமிடம் விட வேண்டும். அதன் பிறகு, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே என்ற நொதியத்தைச் சேர்க்கும் படியை எக்காரணம் கொண்டும் தவிர்க்கக் கூடாது. அது சேர்க்காத கலவையை ஒப்பீட்டுக்காக, டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரிக்கும் அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டபோது, நொதியம் ஒட்டியபடியே இருந்த டிஎன்ஏ, கலவையை இட்ட குழியான கிணற்றின் அருகிலேயே தங்கி, கலங்கிய புகைபோல இழுபட்டுத் தெரிந்தது. பக்கத்துக் கிணற்றிலிருந்து ஓடிய, புரோட்டினேஸ் கே சேர்த்த கலவையிலோ இரண்டு துண்டுகளும் கோடு கிழித்தாற்போல் தனித்தனியே நின்றன. வழிகாட்டியின் 20 எழுத்துகள் பொருந்திய இடத்தில், எதிர்பார்த்த நீளங்களில். நொதியத்தின் தரத்தைப் பற்றி எனக்கிருந்த ஐயம் அந்த ஜெல்லோடு தீர்ந்தது.

வெட்டும் இடத்தை ஒட்டி டிஎன்ஏயின் ஏதேனும் ஓர் எழுத்தும் அடுத்து இரண்டு குவானின் எழுத்துகளும் அமைந்தாலொழிய இந்நொதியம் வெட்டாது; அடினினும் தைமினும் மலிந்த பகுதிகளில் வேலை செய்பவர்கள் காஸ்12ஏ என்ற மாற்று நொதியத்தை வாங்குவதே நல்லது. குழாயில் வெட்டும் வழிகாட்டி கலத்துக்குள்ளும் வெட்டும் என்ற உத்தரவாதமும் கிடையாது, ஏனெனில் அங்கே டிஎன்ஏ புரதங்களில் சுற்றப்பட்டு மறைந்திருக்கும். எனினும் இக்குழாயிலுள்ள புரதத்தில் கலக் கருவுக்குள் செல்வதற்கான அமினோ அமிலத் தொடரும் இணைக்கப்பட்டிருப்பதால், சுவர் நீக்கிய நெற்கலங்களுக்குள் இதை ஆர்என்ஏயுடன் நேரடியாகச் செலுத்தும் வழியும் திறந்திருக்கிறது. அந்த வழியில் அந்நிய டிஎன்ஏ எதுவும் சேர்க்காமல் நெல்லையும் திருத்தலாம் என்பது 2015 இலேயே நிறுவப்பட்டுவிட்டது.

எமக்குத் தலையிடி தந்தது போக்குவரத்து. கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் வர வேண்டிய பொதிகளில் ஒன்று, போயா விடுமுறையைச் சாட்டி இடையில் ஒரு களஞ்சியத்தில் கிடந்தது. ரெஜிபோம் பெட்டியைத் திறந்தபோது ஐஸ் பொதிகள் வெதுவெதுப்பாக இருந்தன. அந்தக் குழாய் வெட்டியது, ஆனால் அரைகுறையாகவே வெட்டியது. முகவர் மாற்றித் தர மறுத்துவிட்டார், அனுப்பும்போது சரியாக இருந்ததாம். குளிர் அறுபடாமல் வந்து சேர்ந்ததற்குச் சான்று காட்டும் ஒரு வெப்பநிலைப் பட்டியைக்கூடப் பெட்டிக்குள் வைக்காமல் இப்படிச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

வாங்க எண்ணுபவர்கள் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் கொழும்புக்கு ஆளனுப்பி உலர்பனியில் வைத்துக் கையோடு எடுத்து வாருங்கள். வந்ததும் சிறு பங்குகளாகப் பிரித்து -20 பாகையில் வையுங்கள். 50 சதவீதம் கிளிசரோல் கலந்திருப்பதால் அது உறையாது. பனி படியாத வகை வீட்டுப் பெட்டிகள் பனியை உருக்கத் தாமே இடைக்கிடை சூடாகும், ஆகவே அவை வேண்டாம். 2022 இன் மின்வெட்டுக் காலத்தைக் கண்டவர்களுக்கு மின்பிறப்பாக்கியின் தேவையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பெரிய குழாய் கணக்குக்கு மலிவாகத் தெரிந்தாலும் சிறியதையே வாங்குங்கள்.