ஐப்பசியில் கடற்கரைக் கூடாரத்துக்கு முன்பணம் கட்டும் முன்

தீபாவளி விடுமுறைக்குத் தம்பி குடும்பம் சென்னையிலிருந்து காரைக்குடிக்கு வந்திருந்தபோது, கடற்கரையில் ஓர் இரவு தங்கி, அலைக்குள் நின்று தூண்டில் வீச வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். வாட்ஸ்அப்பில் விளம்பரம் செய்திருந்த ஏற்பாட்டாளர் ஒருவரிடம் பதினொரு பேருக்கு 24,200 ரூபாய் என்று பேசி, 15,000 ரூபாயை ஜிபேயில் முன்பணமாக அனுப்பினேன். "பன்னிரண்டு அடித் தூண்டில் கம்பு, மழை தாங்கும் கூடாரம், கழிப்பறை எல்லாம் தயாராக இருக்கும் அண்ணே" என்று குரல்பதிவில் உறுதி சொன்னார். இடம் தொண்டிக்குத் தெற்கே என்றார்.

விளம்பரப் படத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். 'மாலைக் காட்சி' என்ற எழுத்துக்குக் கீழே சூரியன் கடலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டிக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும். மறைவது நமக்குப் பின்னால் நிலத்தின் பக்கம்.

கடலைப் பற்றியும் கேட்காமல் விட்டேன். அலை உடையும் இடத்தில் மணல் அரித்துப் பள்ளம் விழுந்திருந்தால் மீன் இரை தேடிக் கரையருகே வரும்; அந்தப் பள்ளம்வரை எறிவதற்காகத்தான் நீளக் கம்பு. தொண்டி இருக்கும் பாக் விரிகுடாவோ ஆழம் குறைந்தது. தொண்டிப் பக்கம் பல இடங்களில் வெகுதூரம் நடந்தாலும் முழங்கால் அளவுதான் தண்ணீர், காலடியில் சேறும் கடற்புல்லும். தனுஷ்கோடியில் வடபுறத்தில் அமைதியாக இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும், தென்புறத்தில் அலை அடிக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வது இந்த வேறுபாட்டை வைத்துத்தான். ஆனால் அங்கும் மாலைக்கு மேல் பயணிகளைத் தங்க விடுவதில்லை என்பதால், 'தனுஷ்கோடியில் இரவுக் கூடாரம்' என்று யாராவது சொன்னாலும் நம்ப வேண்டாம்.

தேவகோட்டை, திருவாடானை வழியாக மாலை நான்கு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினொரு பேருக்கு மூன்றே கூடாரங்கள். ஒன்றுக்கும் மேல்விரிப்பு இல்லை. கம்புகள் கண்மாயில் மீன் பிடிக்கும் ஆறடிக் கம்புகள், முள்கள் துருப்பிடித்தவை. கழிப்பறை என்பது நான்கு குச்சியில் கட்டிய தார்ப்பாய். எழுபத்து நான்கு வயதான எங்கள் அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, விடியும்வரை தண்ணீரே குடிக்கவில்லை. என்னால் இன்றுவரை மறக்க முடியாதது இதுதான்.

இரவு ஒன்பது மணிக்கு வாடைக்காற்றோடு மழை இறங்கியது. மணலில் அடித்த முளைகள் பிடுங்கிக்கொண்டன. பக்கத்திலிருந்த மீனவர் ஒருவர் விளக்கோடு வந்து எங்களை வலைக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். "வாடை எறங்குற நேரத்துல பிள்ளைகளை வச்சுக்கிட்டு உங்களை யாரு ஆத்தா இங்க படுக்கச் சொன்னது?" என்று அப்பத்தாவிடம் அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. இரவில் ஆட்கள் தங்குவதை ஏற்பாட்டாளர் ஊராட்சிக்கும் சொல்லவில்லை, மரைன் போலீஸுக்கும் சொல்லவில்லை என்பது அந்த மீனவர் வழியாகத்தான் தெரிந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "மழை இயற்கை, அதற்கு நான் பொறுப்பில்லை" என்கிறார் ஏற்பாட்டாளர். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் நாட்டில், ஐப்பசி அடைமழை என்று சிறுபிள்ளைகூடச் சொல்லும் ஊரில், அந்த மாதத்திலேயே கூடாரம் விற்பவர் மழையை எதிர்பாராத விபத்தாகக் காட்ட முடியாது. பணத்துக்குப் பதிலாக, அடுத்த முறை மன்னார் வளைகுடாத் தீவொன்றில் தங்க வைப்பதாகவும் சொன்னார். அங்குள்ள 21 தீவுகளும் 1986-இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை; வனத்துறை அனுமதியின்றிக் கால் வைத்தாலே வழக்கு வரும்.

இப்படிப் பணம் கட்டியிருப்பவர்கள் குரல்பதிவு, விளம்பரப் படம், ஜிபே ரசீது ஆகியவற்றை அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நான் 1915-இல் பதிந்துவிட்டேன். சிவகங்கை ஆணையத்துக்கான மனுவும் எழுதி முடித்தாகிவிட்டது. அந்த ஏற்பாட்டாளரோ கார்த்திகை மாதப் பயணத்துக்கும் அதே படத்தைப் போட்டு முன்பணம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.