கிரேட் சர்க்கிள் மேப்பர்: ஆறு வருடம் பயன்படுத்திய அனுபவம்

நான் இருப்பது ஃபிராங்க்ஃபர்ட்டில். வருடம் ஒருமுறையாவது சென்னைக்குப் போய்வருவேன். விமான தூரம் பார்க்க ஆறு வருடங்களாக கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற இணையதளத்தைத்தான் நம்பியிருக்கிறேன்.

இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் சிறு கோடு போட்டு அடித்தால் போதும். எஃப்ஆர்ஏ, எம்ஏஏ என்று கொடுத்தால் சுமார் 7,600 கி.மீ. என்று வரும். (மெட்ராஸ் பெயர் மாறினாலும் எம்ஏஏ மாறவில்லை. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.) ஊரிலிருந்து ஊருக்கு இல்லாமல், நிலையத்திலிருந்து நிலையத்துக்கு அளப்பது முக்கியம். ஃபிராங்க்ஃபர்ட் பெயரைச் சுமக்கும் ஹான் விமான நிலையம் நகரிலிருந்து சாலைவழி சுமார் 120 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

முதலில் நான் குழம்பியது கோட்டைப் பார்த்துத்தான். தட்டையான வரைபடத்தில் அது வளைந்து தெரிந்தாலும், உருண்டைப் பூமியில் மிகக் குட்டையான வழி அதுதான். சென்னைக்கான கோடு கிரிமியா மேலேயே போகிறது. ஆனால் உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. அதனால் விமானம் தெற்கே விலகிச் சுற்றித்தான் போகும், பறக்கும் தூரமும் கூடும். பயண நேரத்தைக் கணிக்க இந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

ஆனால் இழப்பீடு கேட்க இந்த எண்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, விமான நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தொகை தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 400, ஒன்றியத்துக்கு வெளியே 3,500-ஐத் தாண்டினால் 600. தூரத்தைப் பெருவட்ட (கிரேட் சர்க்கிள்) முறையில், அதாவது மேலே சொன்ன மிகக் குட்டையான வழியில், அளக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.

இடையில் விமானம் மாறினால்? ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸில் விமானம் மாறி ஹாம்பர்க் போனவர்களின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் தீர்ப்புச் சொன்னது. இரண்டு பயணங்களையும் கூட்டினால் 1,656 கி.மீ. ரோமிலிருந்து ஹாம்பர்க்குக்கு நேராக அளந்தால் 1,326. நேர்த்தூரம்தான் செல்லும், ஆக 250 யூரோ. பிரஸ்ஸல்ஸ் போகாமல் ரோமையும் ஹாம்பர்க்கையும் மட்டும் அடித்துப் பாருங்கள், கணக்கு உடனே புரியும்.

குறை என்றால், முதலில் மைலில் காட்டும். தளத்தின் அமைப்பில் கிலோமீட்டருக்கு நாமே மாற்ற வேண்டும். குறியீடு தெரியாதவர்களுக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் சிரமம்தான்.

எனக்குப் பிடித்தது வட்டம் போடும் வசதி. ஃபிராங்க்ஃபர்ட்டைச் சுற்றி 1,500 கி.மீ. வட்டம் போட்டால் ரோம் உள்ளே வரும், லிஸ்பன் வெளியே நிற்கும். டிக்கெட் எடுப்பதற்கு முன் இப்போதெல்லாம் அதையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.