சொல்வதா, மறைப்பதா: தாராவி வீட்டிலிருந்து ஒரு கணக்கு

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று தெரிந்து மூன்று வருடம் ஆகிறது. எனக்கு இருந்த வழிகள் மூன்று: யாரிடமும் சொல்லாமல் இருப்பது, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுவது, ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்வது. நான் மூன்றாவதில் இருக்கிறேன். பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

உடலுறவுத் துணை இந்தக் கணக்கில் வரமாட்டார். அது அவருடைய உடம்பு, அவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். துணைக்கு ஆபத்து இருந்து, நாமும் சொல்லாமல் இழுத்தடித்தால், மருத்துவரோ கவுன்சிலரோ சொல்ல 2017 எச்.ஐ.வி. சட்டம் இடம் தருகிறது. சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற நிலையில் இருக்கும் பெண்களுக்கு அதே சட்டத்தில் பாதுகாப்பும் உண்டு. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர்கள் விஷயம் வேறு. அவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் நம் இஷ்டம்.

எல்லோரிடமும் சொல்வதில் ஒரு நிம்மதி இருக்கத்தான் செய்கிறது. எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் பழக்கமான ஒருவர் அப்படிச் செய்துவிட்டு நன்றாகத் தூங்குகிறார். அவருக்குத் தனி வீடு. எங்கள் சந்தில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கம். காலையில் குழாயடியில் பேசியது மாலைக்குள் ஊருக்குப் போய்விடும். சட்டம் ஊர்வாயை மூடாது.

அப்படியானால் வாயைத் திறக்காமலே இருந்துவிடலாமே? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். செலவில்லாத வழி என்று நினைத்தேன். ஆனால் மறைப்பதற்குத் தினமும் பராமரிப்பு வேண்டும். அம்மா, அப்பா, நான் மூவருக்கும் ஒரே அறை. மையத்தில் தரும் முப்பது மாத்திரை பாட்டில் கிலுகிலுவென்று சத்தம் போடும்; உள்ளே பஞ்சு அடைத்தேன். லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினேன். அம்மா கேட்டபோது "சத்து மாத்திரைம்மா" என்றேன்.

வினையே அங்கேதான். எலும்பு தெரிகிற பிள்ளைக்கு ஒரு சத்து மாத்திரை எப்படிப் போதும்? அம்மா மெடிக்கலில் கால்சியம் வாங்கி வந்துவிட்டாள். ராத்திரி பத்து மணிக்கு, என் மாத்திரையோடு அதையும் சேர்த்து உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் டம்ளரோடு எதிரிலேயே நிற்பாள். என் மாத்திரையில் டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து இருக்கிறது. சாப்பாடு இல்லாமல் கால்சியமோ இரும்புச்சத்தோ அதோடு சேர்ந்தால் மருந்து உடம்பில் சரியாக ஏறாது. இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டையும் சாப்பாட்டோடு போட வேண்டும். இதை அம்மாவிடம் எப்படி விளக்குவது? கால்சியத்தை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு போய் மோரியில் துப்பினேன். இரண்டு வாரம்.

பிறகுதான் அக்காவிடம் சொன்னேன். சயான் ஸ்டேஷன் பக்கம், ஒரு டீக்கடையில். கொஞ்சம் அழுதாள். அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை காசு யாரு குடுக்கா?" அரசு இலவசமாகத் தருகிறது என்றேன். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் வைரல் லோடு சீட்டையும் காட்டினேன். ஆறாவது மாதப் பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவு என்று வந்திருந்தது; மாத்திரையை விடாமல் போட்டு அப்படியே வைத்திருந்தால் உடலுறவிலும் பரவாது. அந்தச் சீட்டு கையில் இருந்ததால்தான் எனக்கே தைரியம் வந்தது. முதல் மாதமே சொல்லியிருந்தால் இருவரும் சேர்ந்து பயந்திருப்போம், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அக்கா வீட்டுக்கு வந்து, "ரெண்டையும் சேத்துக் குடுக்கக்கூடாதாம், டாக்டர் திட்டுவாராம்" என்று அம்மாவிடம் அடித்துப் பேசிவிட்டாள். என் இரண்டு வாரக் கஷ்டம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது. இப்போது மாத்திரை நேரமான பத்து மணிக்கு அக்காவிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வரும்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளைகளும் இல்லை. கல்யாணம், பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு என் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவரைத் தேர்ந்தெடுப்பதிலும் ஏமாறலாம். அவசரத்தில் முதலில் கிடைத்தவரிடம் கொட்டாமல், மற்றவர்களைப் பற்றிய ரகசியத்தை இதுவரை நம்மிடம் சொல்லாதவர் யார் என்று பாருங்கள். அக்காவை நான் அப்படித்தான் பிடித்தேன். யாருமே சரிப்படவில்லையா, 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணில் பெயர் சொல்லாமல் பேசலாம்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கால்சியம் டப்பா அலமாரியிலேயே இருக்கிறது. வாங்கினதை வீணாக்கக்கூடாது என்று அவளே போட்டுக்கொள்கிறாள். முட்டிவலி குறைந்திருக்கிறதாம்.