காந்த டான்கிராம் வாங்குகிறீர்களா? இணைகரத்தைத் திருப்பிப் பாருங்கள்

நாலாம் வகுப்புப் பையனுக்காக ஆன்லைனில் வாங்கிய காந்த டான்கிராம் செட் இது. டான்கிராம் என்றால் ஐந்து முக்கோணம் (பெரிசு 2, நடுத்தரம் 1, சின்னது 2), ஒரு சதுரம், ஒரு இணைகரம் என்று ஏழு துண்டுகளைச் சேர்த்து, கார்டில் இருக்கிற உருவத்தை அடுக்குகிற புதிர். புத்தகம் மாதிரி விரியும் அட்டை, உள்ளே தகடு, ஏழு துண்டுகள், நிழலுருவம் போட்ட கார்டுகள். கம்பெனி பேர் வேண்டாம், இதே சரக்கைப் பல பேர் பல பேரில் விற்கிறார்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டு சுத்தமாக இருக்கிறது. பெரிய முக்கோணத்தின் மேல், செங்கோண மூலையில் சதுரத்தையும் மிச்ச இடத்தில் சின்ன முக்கோணம் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், விளிம்பு எங்கேயும் பிதுங்கவில்லை. இது சரியில்லாத செட்டில் எந்த உருவமும் கடைசித் துண்டில் இடிக்கும், அதனால் எதை வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ரயிலில் போகும்போது துண்டு நழுவாமல் நிற்கிறது, அதற்குத்தானே காந்தம்.

பையன் கற்றுக்கொண்டதும் கொஞ்சம் இருக்கிறது. சதுரத்தைக் கொஞ்சம் திருப்பி மூலையில் நிறுத்தினால் அவனுக்கு அது சதுரமே இல்லை, "டைமண்ட்". படுக்கைக் கோட்டையும் செங்குத்துக் கோட்டையும் சட்டென்று பிடிக்கிற கண், சாய்கோட்டில் தடுமாறும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். கார்டில் சாய்வாக இருக்கிற விளிம்பைப் பார்த்து அதற்கேற்ப துண்டைத் திருப்பித் திருப்பி வைக்கும்போது அந்தப் பிடிவாதம் மெல்லத் தளர்கிறது.

இப்போது குறைக்கு வருகிறேன். காந்தம் ஒரு பக்கம் மட்டும்தான். இணைகரத்தைத் தவிர மற்ற ஆறு துண்டுகளுக்கு இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. சதுரத்துக்கு நாலு சமச்சீர்க் கோடு (மடித்தால் இரண்டு பாதியும் அச்சாகப் பொருந்துகிற கோடு), ஐந்து முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்கள் என்பதால் தலைக்கு ஒன்று, கவிழ்த்துப் போட்டாலும் அதே வடிவம்தான் கிடைக்கும். இணைகரத்துக்குத்தான் ஒரு சமச்சீர்க் கோடுகூடக் கிடையாது. அரைச்சுற்று சுற்றினால் பழைய இடத்திலேயே வந்து உட்காரும், அவ்வளவுதான். நீளப் பக்கத்தைக் கீழே வைத்தால் எங்கள் செட்டில் அது வலப்பக்கம் சாய்கிறது, எத்தனை சுற்று சுற்றினாலும் நீளப் பக்கம் கீழே வரும்போதெல்லாம் வலப்பக்கம்தான். இடப்பக்கம் சாய வேண்டுமென்றால் கவிழ்க்க வேண்டும், கவிழ்த்தால் ஒட்டாது.

பையன் ஓடுகிற மனிதன் கார்டில் மாட்டிக்கொண்டான். குட்டைப் பக்கத்தைக் கீழே வைத்தால் சாய்வு இடப்பக்கம் வருகிறது, கிடைத்துவிட்டது என்று குதித்தான், ஆனால் நீளமும் குட்டையும் இடம் மாறிவிட்டதால் பக்கத்து முக்கோணத்துக்கு அப்பால் ஒரு சந்து விழுந்தது. உருவம் தப்பு, கார்டு தப்பு என்று அழாத குறை. தப்பு பெட்டியில்தான் சார்.

இதில் ஒரு சுவாரசியம் என்னவென்றால், எல்லாக் கார்டிலும் இந்தச் சிக்கல் வராது. முழு உருவமே இடமும் வலமும் ஒத்திருந்தால், வீடு மாதிரி, சதுரம் மாதிரி, விடையை அப்படியே கண்ணாடிப் பிம்பமாக மாற்றி அடுக்கிவிடலாம், இணைகரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கவலையில்லை. ஒரு பக்கமாகப் பார்க்கிற வாத்து, பூனை, ஓடுகிறவன் இவர்களிடம்தான் சிக்கல் வரும். அதுவும் எல்லாரிடமும் இல்லை, இணைகரம் எதிர்ப்பக்கம் சாய வேண்டிய கார்டுகளில் மட்டும்.

கார்டு வரிசையும் எனக்குப் பிடிக்கவில்லை, எடுத்ததும் நாய், பூனை. ஏழு துண்டையும் வைத்து விளிம்பு எங்கேயும் உள்பக்கமாகக் குழியாத உருவங்கள் மொத்தம் 13தான் செய்ய முடியும் என்று 1942லேயே இரண்டு சீனக் கணிதவியலாளர்கள் நிரூபித்துவிட்டார்கள்: முக்கோணம் 1, நாற்கரம் 6, ஐங்கோணம் 2, அறுகோணம் 4. எந்த உருவத்துக்கு எத்தனை சமச்சீர்க் கோடு என்று பேசிப் பேசியே அந்த 13ஐ வைத்து ஒரு விடுமுறையை ஓட்டலாம். இந்தப் பெட்டியில் சதுரமும் செவ்வகமும் முக்கோணமும்தான் இருக்கின்றன, மற்றதை நானே தாளில் வரைந்து கொடுத்தேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் ஒட்டுகிற காந்தப் பட்டை கிடைக்கும், இணைகரத்தின் மேல்பக்கம் ஒரு துண்டு வெட்டி ஒட்டினால் போதும், கொஞ்சம் தடிமனாகத் தெரியும், பரவாயில்லை. இனிமேல் வாங்குகிறவர்கள், இரண்டு பக்கமும் ஒட்டுமா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பயணத்துக்கு இல்லை, வீட்டில் மேசைமேல் வைத்து விளையாடத்தான் என்றால் காந்தமே இல்லாத மரத் துண்டு செட் போதும், விலையும் குறைவு. ஐந்துக்கு இரண்டரை ஸ்டார் தருகிறேன், அதில் பாதி அந்தச் சுத்தமான வெட்டுக்கு.